பாலம் பேசினால் கேட்பது யார்?

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. நிலநடுக்கம் வரும் நாடுகளில் பழைய பாலங்களுக்கெல்லாம் சென்சார் பொருத்திவிட்டார்களாம். பாலத்துக்கு உடம்பு சரியில்லை என்றால் பாலமே அதிகாரிக்குத் தகவல் அனுப்பிவிடுமாம். இனிமேல் பாலம் இடிந்தது என்ற செய்தியே வராதாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகு மனம் உறுத்தியது. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளைத் தூக்கிச் சுமந்தவன் நான். தகவல் போய்ச் சேர்வது வேறு, அதை ஒருவர் படித்துப் பதில் எழுதுவது வேறு என்பது எனக்குத் தெரியாதா?

அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் பொறியாளன் இல்லை, வெறும் எழுத்தர். ஆனால் பாலங்கள் விழுந்த கதைகளைத் தேடித்தேடிப் படித்ததில், அவற்றில் பாதி எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட கதையாகவே இருக்கிறது.

முதலில் சான் பிரான்சிஸ்கோ. அந்த ஊரையும் எதிர்க்கரையில் உள்ள ஓக்லண்டையும் இணைக்கும் பே பிரிட்ஜ் 1936இல் திறக்கப்பட்டது. மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை என இரண்டு அடுக்கு. 1989 அக்டோபர் 17 மாலை 5 மணி 4 நிமிடத்துக்குப் பூமி ஆடியது. அளவு 6.9, ஆடியது சுமார் 15 விநாடி. நடுக்கத்தின் மையம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தெற்கே இருந்தது. அவ்வளவு தூரம் தள்ளி நின்ற பாலத்தில் ஒரு தூணின் மேல் போல்ட்டுகள் அறுந்து, தளம் சில அங்குலம் நகர்ந்தது. அந்தச் சில அங்குலம் போதுமானதாக இருந்தது. மேல் அடுக்கில் 50 அடி நீளத் துண்டு ஒன்று, தாங்கியிருந்த விளிம்பை விட்டு நழுவிக் கீழ் அடுக்கில் விழுந்தது. அந்தப் பாலத்தில் ஒருவர் இறந்தார்.

அதே நேரத்தில் ஓக்லண்டில், 1957இல் கட்டிய சைப்ரஸ் என்னும் இரண்டு அடுக்கு மேம்பாலச் சாலை நீளத்துக்கு மடிந்து உட்கார்ந்தது. அங்கே மட்டும் 42 பேர் இறந்தார்கள். அந்த நடுக்கத்தில் மொத்தம் இறந்தவர்கள் 63 பேர். அன்று மாலை அந்த இரண்டு ஊர் அணிகளுக்கும் பேஸ்பால் இறுதிப் போட்டி. ஆட்டம் பார்க்கப் பலர் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்விட்டதால் சாலையில் கூட்டம் குறைவு. இல்லையென்றால் எண்ணிக்கை எங்கேயோ போயிருக்கும் என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பலவீனம் யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் ஃபெர்னாண்டோவில் நடுக்கம் வந்து புதிய மேம்பாலங்களே விழுந்தபோது, பாலத்தின் தளங்கள் இணையும் இடம்தான் முதல் ஆபத்து என்று கலிஃபோர்னியா பொறியாளர்கள் புரிந்துகொண்டார்கள். தளங்கள் பிரிந்து போகாமல் இரும்பு வடம் போட்டுக் கட்டும் வேலையைத் தொடங்கினார்கள். சைப்ரஸ் சாலைக்கும் 1977இல் அந்த வடம் போட்டார்கள். ஆனால் பழைய முறையில் கம்பி குறைவாகக் கட்டிய தூண்களை அப்படியே விட்டார்கள். வடம் தன் வேலையைச் செய்தது. தூண் கைவிட்டது. இடுப்பு வலிக்குத் தைலம் தடவிவிட்டு, நெஞ்சு வலியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த கதை.

பிறகு ஜார்ஜ் ஹவுஸ்னர் என்ற நிலநடுக்கப் பொறியியல் அறிஞர் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். 1990இல் அறிக்கை வந்தது. அந்த அறிக்கைக்கு அவர்கள் வைத்த தலைப்பின் பொருள் ‘காலத்தோடு போட்டி’. ஒரு அரசாங்க அறிக்கைக்கு இப்படி ஒரு தலைப்பை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததே இல்லை.

அந்தப் போட்டியில் காலம்தான் பல தடவை முந்தியது. பே பிரிட்ஜின் விழுந்த துண்டை ஒரே மாதத்தில் மாட்டிப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ஆனால் கிழக்குப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டித் திறந்தது 2013 செப்டம்பரில். 24 வருடம்! செலவு 640 கோடி டாலர். அந்த 24 வருடமும் லட்சக்கணக்கான மக்கள் பழைய பாலத்தின் மேல்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். 2009இல் வேறு வேலைக்காகப் பாலத்தை மூடியபோது, ஓர் இரும்புப் பட்டையில் விரிசல் இருப்பதை மனிதக் கண் கண்டுபிடித்தது. அவசரமாக ஒட்டுப்போட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்த ஒட்டே கழன்று, ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்கு நடுவே சாலையில் விழுந்தது. புதிய பாலமாவது சுத்தமா என்றால், திறப்பதற்கு ஆறு மாதம் முன்பு முறுக்கி இறுக்கிய 96 பெரிய போல்ட்டுகளில் 32 உடைந்தன. இத்தனைக்கும் உலகத்திலேயே பணமும் படிப்பும் கருவியும் குறைவில்லாத ஊர் அது.

வயதான பாலம்தான் விழும், புதியது நிற்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் நீகாத்தா என்று ஒரு நகரம். அங்கே ஒரே ஆற்றின் மேல் இரண்டு பாலங்கள். பந்தாய் பாலம் 1929இல் கட்டிய வளைவுப் பாலம். ஷோவா பாலம் 1964 மே மாதம் கட்டி முடித்தது. அடுத்த மாதமே, ஜூன் 16ஆம் தேதி 7.5 அளவில் நடுக்கம். ஆற்றங்கரை மணல் தண்ணீரோடு கலந்து கூழாகிவிட, ஒரு மாதக் குழந்தையான ஷோவா பாலத்தின் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் சரிந்தன. 35 வயதான பந்தாய் பாலம் அடிபட்டாலும் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. ஆகவே பாலத்துக்கு வயதைக் கேட்டால் மட்டும் போதாது. அதன் காலடியில் என்ன மண், உள்ளே என்ன கம்பி, எப்போது யார் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இப்போது அந்த சென்சார் விஷயத்துக்கு வருகிறேன். அது பொய்யில்லை. நல்ல காரியம்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போம் இல்லையா? நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்ட பானை மொத்தென்று சொல்லும். பாலமும் அப்படித்தான். ஒவ்வொரு பாலத்துக்கும் தனக்கென்று ஒரு சுருதி உண்டு. வண்டி போனாலும் காற்று அடித்தாலும் அது அந்தச் சுருதியில்தான் அதிரும். நம் காதுக்குக் கேட்காத அளவு மெல்லிய, மெதுவான அதிர்வு. அதிர்வுமானி அதைப் பதிவு செய்யும். தூணின் அடியில் மண் அரித்தாலோ, கம்பி துருப்பிடித்து இளைத்தாலோ, விரிசல் விட்டாலோ, பாலத்தின் விறைப்பு குறையும். தம்புராவில் முறுக்காணியைத் தளர்த்தினால் சுருதி இறங்குவதைப் போல இதிலும் இறங்கும். கணினி அதைக் கண்டுபிடிக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். இசட் 24 என்று எண் கொடுத்திருந்த, 1963இல் கட்டிய ஒரு சாலைப் பாலம். எப்படியும் இடிக்கப் போகிற பாலம் என்பதால், 1997, 1998இல் ஏறக்குறைய ஒரு வருடம் அதன் அதிர்வைப் பதிவு செய்துவிட்டு, கடைசியில் வேண்டுமென்றே தூணைக் கீழே இறக்கியும், உள்ளே இருந்த வடங்களை அறுத்தும் பார்த்தார்கள். கடும் குளிரில் தார் உறைந்து விறைத்தபோது சுருதி தானாகவே ஏறியது. வெயிலுக்கும் குளிருக்கும் வரும் மாற்றமே, தொடக்கத்துச் சேதத்தால் வரும் மாற்றத்தை மறைத்துவிடும் அளவுக்கு இருந்தது. அதாவது, எல்லாப் பருவத்திலும் பாலம் நல்லபடியாக இருந்தபோது எப்படிப் பாடியது என்று முதலில் எழுதி வைத்திருந்தால்தான், பின்னால் அபஸ்வரம் தெரியும். விழப்போகிற சமயத்தில் ஓடிப்போய்க் கருவி மாட்டினால் அதற்கு எது சுருதி, எது அபஸ்வரம் என்றே தெரியாது.

கருவியால் நிச்சயமான பயன் இரண்டு. ஒன்று, நடுக்கம் வந்த உடனே ஆயிரம் பாலங்களில் எதை முதலில் போய்ப் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில். கலிஃபோர்னியாவில், எங்கே எவ்வளவு அதிர்ந்தது என்ற கணக்கை வைத்து, சில நிமிடங்களில் பாலங்களை வரிசைப்படுத்திப் பொறியாளர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஆம்புலன்ஸ் எந்தப் பாலத்தில் போகலாம் என்று சொல்ல அது வேண்டும். இரண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதைக் கேட்பது. ஸ்காட்லாந்தில் ஃபோர்த் சாலைப் பாலத்தின் பெரிய வடங்களுக்குள் துரு என்று தெரிந்ததும், 2006இல் அதன் மேல் காது வைத்ததைப் போலக் கருவிகள் பொருத்தினார்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்தாலும் அந்த ஒலி பதிவாகும்.

அதைப் படித்தபோது எனக்கு மோர்பி நினைவுக்கு வந்தது.

குஜராத்தில் மச்சு ஆற்றின் மேல் 1879இல் கட்டிய தொங்கு பாலம் அது. 2001 ஜனவரி 26 அன்று காலை கட்ச் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் அதுவும் கடுமையாகச் சேதமானது. பழுது பார்த்தார்கள். மறுபடியும் பல மாதம் மூடி, புதுப்பித்ததாகச் சொல்லி 2022 அக்டோபர் 26இல் திறந்தார்கள். நான்கே நாளில், 30ஆம் தேதி மாலை, விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்தபோது ஒரு வடம் அறுந்தது. 135 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் எத்தனையோ. பிறகு சிறப்பு விசாரணைக் குழு பார்த்தபோது, அந்த வடத்தின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்துப் போயிருந்தன. விபத்துக்கு முன்பே அவை அறுந்திருக்கலாம் என்று எழுதினார்கள். தளத்துக்குப் பளபளவென்று புதிய அலுமினியத் தகடு போட்டவர்கள், வடத்தைத் தொடவில்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கவுமில்லை. 22 கம்பி ஒரே ராத்திரியில் துருப்பிடிக்காது. அத்தனை வருடமும் அந்தப் பாலம் தன் பாஷையில் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

அந்தமானில் இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. நம் பக்கத்து மக்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கும் தீவுகள் அவை. நடு அந்தமானையும் வட அந்தமானையும் இணைக்க ஆஸ்டின் நீரிணையில் ஒரு பாலம் கட்டினார்கள். 2002 செப்டம்பரில் திக்லிபூர் பக்கம் 6.5 அளவில் நடுக்கம் வந்து பாலத்தின் தளங்கள் தூண்களின் மேலேயே நகர்ந்தன. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் போய்ப் பார்த்து, தளம் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை என்று எழுதிவிட்டு வந்தார்கள். 2004 டிசம்பர் 26 யாருக்கும் மறக்காது. நம் கடற்கரைக்குச் சுனாமியாக வந்தது அங்கே முதலில் நடுக்கமாக வந்தது. அதே பாலம், அதே இடத்தில், தளங்கள் தாங்கிகளை விட்டு மறுபடி விலகின. அங்கே பாலத்தின் நோயைச் சொன்னது சென்சார் இல்லை, இரண்டு வருடம் முன்னால் நேரில் போய்ப் பார்த்த மனிதர்கள்தான். யார் சொன்னால் என்ன?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் பாலங்கள், மதகுகளின் வருடாந்திரப் பார்வைக் குறிப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். நான் பதிவேட்டில் ஏற்றி, கோப்பில் சேர்த்து, மேலே அனுப்ப வேண்டும். ஒரு சிறிய பாலத்தைப் பற்றிய குறிப்பில் ‘பேரிங் லேசாகத் துரு, மற்றபடி மாற்றமில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பேரிங் என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே வாரம் தவறாமல் ‘திக்தே’ உண்டு. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் வெட்டுவார்கள். அந்தப் பழக்கம் கண்ணை விட்டுப் போகாது. அடுத்த வருடக் குறிப்பில் அதே வாக்கியம், அதே எழுத்து இல்லை. மூன்றாம் வருடமும் அதே வாக்கியம், அதே எழுத்து இல்லை.

யாரும் பாலத்துக்குப் போகவில்லை, போன வருடத் தாளைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? மூன்று தடவையும் ‘கோப்பில் சேர்க்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். அது என் வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத்தர் பொறியாளருக்குப் புத்தி சொல்ல முடியுமா? நாலாவது வருட மழையில் அந்தப் பாலம் ஒரு பக்கம் இறங்கியது. விடிகாலையில் நடந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணை வந்தது. கோப்பைக் கேட்டார்கள். எல்லாத் தாளும் தேதிவாரியாக, எண் போட்டு, ஒழுங்காக இருந்தது. கோப்பை நன்றாக வைத்திருந்ததற்கு எனக்குப் பாராட்டு கிடைத்தது.

அந்தப் பாராட்டைப் போல ஒரு தண்டனையை நான் அனுபவித்ததில்லை. இத்தனை வருடம் கழித்து, இங்கேதான் முதல் தடவையாக இதை எழுதுகிறேன்.

அதனால்தான் சொல்கிறேன். பாலத்தின் உடல்நலம் என்பது கருவியோடு முடிகிற விஷயம் இல்லை. மூன்று காரியம் சேர்ந்து நடக்க வேண்டும்.

முதலாவது, ஆள் நேரில் போக வேண்டும். ஜப்பானில் 2012 டிசம்பரில் சசாகோ என்ற சுரங்கச் சாலையின் மேல்தட்டு விழுந்து 9 பேர் இறந்த பிறகு, அவர்கள் 2014 முதல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2 மீட்டருக்கு மேல் நீளமுள்ள எல்லாப் பாலத்தையும், கிராமத்து வாய்க்கால் பாலம் உட்பட, 5 வருடத்துக்கு ஒரு தடவை கைக்கு எட்டும் தூரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க வேண்டிய பாலங்கள் அங்கே சுமார் 7 லட்சம். போகிறவர்கள் கையில் சுத்தியல் இருக்கும். தட்டிப் பார்த்து ஒலியைக் கேட்பார்கள். ரோபோ செய்கிற நாட்டிலேயே இன்னும் பானை தட்டுவதைப் போலத் தட்டிப் பார்க்கிறார்கள் என்றால், அதில் அர்த்தம் இருக்கிறது. நகரும்படி விட்ட இடைவெளியில் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்டால், தளம் நகர முடியாமல் நடுக்கத்தின் விசை நேராகத் தூணுக்குப் போகும். துருப்பிடித்து இறுகிப்போன பேரிங்கும் அப்படியே. இவற்றையெல்லாம் ஒரு துடைப்பமும் டார்ச் விளக்கும் உள்ள ஆள் பார்த்துவிடலாம்.

இரண்டாவது, எந்தப் பாலமும் அனாதையாக இருக்கக் கூடாது. நம் நாட்டில் 2016 முதல் தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கெல்லாம் கணக்கெடுத்து, ஆதார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் பாலங்களும் சிறு பாலங்களும் கணக்கில் வந்தன. நல்ல வேலை. ஆனால் மோர்பி பாலம் நெடுஞ்சாலையில் இல்லை, நகராட்சியின் கையில் இருந்தது. நகராட்சி, பஞ்சாயத்து, துறைமுகம், பாசனம் என்று பல கையில் கிடக்கும் பாலங்கள்தான் அதிகம். நம் ஊரிலேயே பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சாய்ந்ததைப் பார்த்தோமே!

மூன்றாவதுதான் முக்கியம். குறிப்பு வந்தால் பதிலுக்குக் கெடு வேண்டும். இன்ன தேதிக்குள் இன்னார் இதற்கு என்ன செய்தார் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பாலம் தானாகவே கனரக வண்டிகளுக்கு மூடப்பட வேண்டும். ‘கோப்பில் சேர்க்கவும்’ என்ற வார்த்தையையே பாலக் கோப்புகளில் தடை செய்ய வேண்டும் என்பேன்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கருவிகள் பொருத்தியிருந்தார்கள். 2022 டிசம்பரில் தூக்குப் பாலப் பகுதியில் அதிர்வு சரியில்லை என்று கருவி எச்சரித்தது. ரயிலை நிறுத்தினார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லாமல் மக்களுக்கு எவ்வளவு சிரமம்! வியாபாரிகள், யாத்திரிகர்கள், மாணவர்கள் எல்லாருக்கும் கஷ்டம்தான். ஆனாலும் அந்தப் பழைய பாலத்தில் மறுபடி பயணிகளை ஏற்றவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்த பிறகுதான் ரயில் போனது. கருவி பேசியது, ஒருவர் கேட்டார், கையெழுத்துப் போட்டார். ஒரு செய்தியும் இல்லாமல் போன விபத்து அது. நடக்காத விபத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை. நான் போடுவேன்.

இன்னொரு வாதமும் வரும். பாலத்தின் குறையை வெளியே சொன்னால் மக்கள் பீதி அடைவார்கள், அதனால் அறிக்கையை வெளியிடக் கூடாது என்பார்கள். என் பணிக்காலத்தில் இதைப் பலர் வாயில் கேட்டிருக்கிறேன். எனக்கு இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று மருத்துவர் சொன்னால் நான் பயப்படுவேன்தான். பயந்துபோய் இனிப்பைக் குறைப்பேன். சொல்லாமல் விட்டால் பயம் இருக்காது, காலும் இருக்காது. ஒவ்வொரு பாலத்தின் முகப்பிலும் திறந்து வைத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கிறோம். அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பலகை வைத்து, கடைசியாகப் பார்த்த தேதி, பார்த்தவர் பதவி, அடுத்து பார்க்க வேண்டிய தேதி என்று மூன்று வரி எழுதினால் என்ன? லிஃப்டுக்குள் ஒட்டி வைக்கிறார்களே, அதைப் போல. செலவு அதிகம் ஆகாது. திறந்து வைத்தவர் எப்போதோ போய்விடுவார். பார்க்க வேண்டியவர் யார் என்பதுதான் பாலத்தின் மேல் போகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

நமக்கென்ன, புதுச்சேரியில் நிலநடுக்கமா வரப்போகிறது என்று சிரிக்க வேண்டாம். 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் எல்லாரும் தெருவில் வந்து நின்றோமே, மறந்துவிட்டதா? நம் கடலுக்குள் மையம் கொண்ட 5.5 அளவு நடுக்கம் அது. சான் பிரான்சிஸ்கோவில் வந்தது அதைப் போல நூறு மடங்குக்கு மேல் சக்தி உள்ளது. ஆகவே நம்முடையது சின்னது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துருப்பிடித்த கம்பிக்கு எது சின்னது, எது பெரியது?

பிரெஞ்சில் பாலம், மதகு போன்ற கட்டுமானங்களை ‘ஊவ்ராழ் தார்’ என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் கலைப் படைப்பு என்று அர்த்தம். சிறுவனாக இருந்தபோது, இதில் என்ன கலை என்று எனக்கு வியப்பாக இருக்கும். அருங்காட்சியகத்தில் ஒரு படத்துக்குக் காவலாளி போடுகிறோம், தூசு தட்டுகிறோம். தினமும் ஆயிரம் பேரைச் சுமக்கிற படைப்புக்குச் செய்ய மாட்டோமா?

கட்டுரையாக எழுதிவிட்டு மட்டும் இருக்க எனக்கு மனம் இல்லை. தினமும் காலையில் நான் நடந்து கடக்கிற பாலம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியாக நேரில் பார்த்தது எந்தத் தேதி, அந்தக் குறிப்பின் நகல், அதன் மேல் எடுத்த நடவடிக்கை என்ற மூன்று கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதி, 10 ரூபாய் கட்டணத்தோடு நேற்று அனுப்பியிருக்கிறேன். பதில் தர அவர்களுக்கு 30 நாள் கெடு. உங்கள் ஊர்ப் பாலத்துக்கும் நீங்கள் ஒன்று எழுதுங்கள். நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு நேரமும் இருக்கிறது, மனு எழுதும் கையும் இருக்கிறது. எனக்கு வருகிற பதிலை இங்கேயே போடுகிறேன். அதில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கிறேன்.